இடப்பக்கம் இருட்டு

ஊசி போட்டு இருபது நிமிடம்.
கேமரா அவர் மார்பைச் சுற்றி
அரைவட்டம் போய்த் திரும்பியது.
திரையில் ஈரல், தணலாய்.
இதயம் இருக்க வேண்டிய இடத்தில்
இருட்டு.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
நரம்பு தவறியதா, மருந்து பழசா.
"காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா, மினேகாவா-சான்?"
"தேநீர்கூட இல்லை" என்றார்
பட்டினி கிடந்தவரின் சின்னக் கோபத்தோடு.

அகிதாவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார்.
டிசம்பர் தொடங்கினால்
இரவு இரண்டு மணிக்கு எழுந்துகொள்ளும் உடம்பு.
போன வாரம் வண்டியேறும்போது மார்பைப் பிடித்தது,
அதனால் இங்கே.

செவ்வாயன்று எடுத்த தாலியம் படத்தை மேலே இழுத்தேன்.
அதில் இதயம் இருந்தது,
குதிரை லாடம்போல, ஒரு கீறல் இல்லாமல்.
ஆக ரத்தம் போகிறது.
ரத்தம் கொண்டுபோன சரக்கை
இறக்க ஆளில்லை.

கொழுப்பு தனியாக நடக்காது.
ரத்தம் நீர், அது எண்ணெய், ஒட்டாத உறவு.
ஆல்புமின் என்றொரு புரதம்
மடிப்புகளில் செருகிக்கொண்டு வரும் அதை,
இடுப்பில் காசு முடிந்து வருவதுபோல.
நுண்குழாய் ஓரத்தில் முடிச்சு அவிழும்.
சுவர் கடந்து
தசைச் செல்லின் விளிம்பைத் தொட்டால்
அங்கே சிடி முப்பத்தாறு.
காவலாள் என்று பாடநூலில் இருக்காது, நான் சொல்வேன்.
அதுவும் எந்நேரமும் நிற்கிற காவல் இல்லை.
பாதிப் பேர் உள்ளே
சிறு பைகளில் சுருண்டு கிடப்பார்கள்.
இன்சுலின் வந்து தட்டினால்,
துடிப்பு வேகமெடுத்தால்,
எழுந்து விளிம்புக்கு வருவார்கள்.
உள்ளே இன்னொரு புரதம் கைநீட்டி வாங்கும்.
பிறகு கார்னிட்டைனின் தோளில் ஏறி
மைட்டோகாண்ட்ரியாவின் உலைக்கு.
நூறு துடிப்பில் அறுபது எழுபதுக்கு
விறகு இதுதான்.

சர்க்கரை நோயில்
காவலாட்கள் வாசலைவிட்டு நகர மாட்டார்கள்.
வந்ததையெல்லாம் உள்ளே விட்டு, எரிக்க முடியாமல்
எண்ணெயில் ஊறும் இதயங்களை
வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.
அடைத்த கதவைவிட
அடைக்காத கதவுக்கு நான் பயப்படுகிறேன்.

தொசாக்கி டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார்.
நான்காம் நாள் விடை:
தட்டணுவில் இல்லை. ஒற்றையணுவில் இல்லை.
பிறந்ததிலிருந்தே அந்தப் புரதம்
அவருக்குக் கிடையாது.
ஐம்பத்தெட்டு குளிர்காலம்.

"அப்போ இது எதில் ஓடுது?"
வண்டிக்காரரின் கேள்வி.
"பெரும்பாலும் குளுக்கோஸில்."
கோட்டுப் பைக்குள் கைவிட்டு
கருஞ்சர்க்கரை மிட்டாய் ஒரு பிடி எடுத்து
மேசையில் வைத்தார்.
"தூக்கம் வராமலிருக்கன்னு நினைச்சேன்."
அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று
எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.
ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மார்பு வலிக்கு இதுதான் காரணமா?
டாக்டர் தலையை ஆட்டியது
ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில்.

என் பங்குக்கு ஒரு படிவம் மீதி.
இதயத்தசை: 'காணவில்லை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
தொலைந்துபோனால்தானே காணவில்லை.
'ஏற்கவில்லை.'
அதிலும் ஒரு திமிர் தொனித்தது, இருந்தாலும்
அடிக்க இன்னொரு படிவம் இல்லை.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை மூன்று மணிக்கு
தெருவில் இரும்பு உரசும் சத்தம்.
மஞ்சள் விளக்கு சுழன்று
என் திரைச்சீலையில் ஏறி இறங்கியது.
அவராக இருக்கலாம். பதினோரு வண்டிகள் உண்டு ஊரில்.
காலையில் பார்த்தேன்.
சாலை துடைத்துவிட்டது போல.
என் வாசலில் மட்டும்
முழங்கால் உயரம் ஒரு பனிவரப்பு,
தள்ளிக்கொண்டு வந்ததெல்லாம் நுழைய இடமின்றி
அங்கேயே நின்றுபோனது.
மண்வெட்டியைத் தேடினேன்.