கலங்கல்

ஆடி பிறந்து பன்னிரண்டு நாள்.
பண்டாரவளைப் பக்கமிருந்து காற்று
வாய் காய்ந்த நாய்போல ஓடித் திரிகிறது.
நடுக்கணக்கில் கொழுந்து கண் முழிக்கவே இல்லை;
பத்துக் கிலோவோடு மடுவத்துக்குப் போனால்
தராசுக்கே வெட்கம்.
மூன்றாவது நாளாக எனக்கு அரைப்பேர்.

அன்று ராத்திரிதான் கொழுந்தன் கபிலராஜ்
வெள்ளவத்தையிலிருந்து போன் எடுத்தான்.
கடல் பார்த்த கடையில் வேலை அவனுக்கு.
"அண்ணி, ஒரு கிளாஸ் ஐஸ் டீ
தொள்ளாயிரம் ரூபா."
"கிளாஸோட சேர்த்தா?"
"கிளாஸைத் திருப்பி வாங்கிடுவோம்."

சிரித்து முடிய நேரமானது.
பிறகு கணக்குப் பார்த்தேன்:
என் அரைப்பேரைக் கொடுத்தால்
முக்கால் கிளாஸ் வரும்.

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிடுவது என்று முடிவு.
தேயிலைக்குக் குறையில்லை,
சம்பளத்தில் கழித்துத் தந்த டஸ்ட் பக்கட் இருக்கிறது.
சீனி இருக்கிறது, எண்ணிப் போடுகிற அளவுக்கு.
தேசிக்காய் தவமலர் வீட்டு வேலியில்,
கேட்டால் இரண்டு, கேட்காவிட்டால் நாலு.
ஐஸ்தான்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா,
பதினோரு டிவி, பிரிட்ஜ் ஒன்றுகூட இல்லை.
மீன் மோட்டார்சைக்கிள் நவ்ஷாத் நானா
பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கட்டியை நீட்டினார்.
மூன்று தரம் கழுவினேன்.
சாளை வாசம் போகவில்லை.
வாசலில் வைத்தேன். கோழி ஒன்று வந்து கொத்திப் பார்த்து
திடுக்கிட்டுப் பின்வாங்கியது.

கடைசியில் சந்திக்கடை முதலாளி
ஐஸ்பக்கட் விற்கிற பெட்டிக்குள்
வெறும் தண்ணீரை ஆறு பைகளில் உறைய வைத்தார்.
"தண்ணி உன்னோடது, கரண்ட் என்னோடது."
பைக்கு இருபது ரூபா.
படங்கில் சுற்றி இடுப்போடு அணைத்து
முந்நூற்றுச் சொச்சம் படி ஏறினேன்.
பாதி ஐஸ் என் பாவாடையில் இறங்கியது.
மலை ஏறி வந்து இடுப்பு விறைத்தவள்
இந்தக் கணக்கில் நான் ஒருத்திதான்.

சூட்டிலேயே சீனியைக் கரைக்க வேண்டும்,
அது கபிலராஜ் சொன்னது;
ஆறினால் சீனி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம்.
கடுஞ்சாயம். புதுச் செம்பின் நிறம்.
ஐஸை அம்மியில் தட்டிப் போட்டேன்.
கண்ணெதிரே கலங்கிவிட்டது,
பால் ஊற்றாமலே யாரோ பால் ஊற்றியதுபோல.

"ஊத்திடுங்க அண்ணி," என்றான் போனில்,
"இங்க இப்படிக் குடுத்தா ஆள் திருப்பி அனுப்பும்."
வாசலில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.
பக்டரியில் சலிக்கிற அறையில் பதினாலு வருஷம்.
எட்டிப் பார்த்தார்.
"டீமேக்கர் ஆறவச்சுப் பாக்குறதே
கலங்குதான்னுதான்.
கலங்காட்டித்தான் மூஞ்சிய சுளிப்பாரு."
மற்ற பூட்ஸையும் கழற்றினார்.

ஊற்றவில்லை.
தேசிக்காய் பிழிந்தேன். சாயம் கொஞ்சம் வெளுத்தது,
கலங்கல் அப்படியே நின்றது.
டம்ளருக்கு வெளியே வேர்த்தது.
பழக்கதோஷம், குடிக்குமுன் ஒரு தரம் ஊதிவிட்டேன்.
மகள் டிலானி விழுந்து விழுந்து சிரித்தாள்.
முதல் மிடறு பல்லில் அடித்தது.
இரண்டாவதில்தான் நாக்கோரத்தில் அந்தத் துவர்ப்பு,
பச்சைக் கொழுந்தைக் கிள்ளிய விரலை
மறதியாக வாயில் வைத்ததுபோல.

மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி
மறுநாள் மலைக்குக் கொண்டுபோனேன்.
பத்து மணிக்கு ஐஸ் எங்கே போனதோ.
தவமலர் ஒரு மிடறு குடித்துவிட்டு
போத்தலை வெயிலுக்குப் பிடித்தாள்.
"நாம தெனம் கொண்டாற ஆறின தேத்தண்ணிதானே இது?"
"தொள்ளாயிரம்," என்றேன்.
இன்னொரு மிடறு, இந்த முறை மெதுவாக.
"அப்ப இத்தன வருஷம்
எவ்வளவு காச குடிச்சித் தீத்திருக்கோம்டி!"

கங்காணி கீழிருந்து சத்தம் போட்டார்.
கயிற்றைத் தலையில் மாட்டி நிரைக்குத் திரும்பினோம்,
அவள் கூடைக்குள் என் போத்தல்.