முதல் மறுப்பு

காரைக்குடி, செக்காலை ரோடு, இரவு பதினொன்றே கால்.
நகைக்கடன், சம்பளம், செத்துப்போன ஒரு மெயில்:
மூன்று கன்டெய்னருக்கும் ஒரே கர்னல்,
பங்காளிகள் ஆளுக்கோர் அறை பூட்டிக்கொண்டு
முற்றத்தைப் பொதுவில் விட்ட மாதிரி.

இரண்டு வருஷமாய் எஸ்இலினக்ஸ்
குற்றம் எழுதியதே தவிர
யார் கையையும் பிடித்ததில்லை.
அப்படி வைத்தது நான்தான்,
ஆடிட்டர் சாத்தப்பன் கேட்டால் காட்ட.

இன்று பூஜ்யத்தை ஒன்றாக்கினேன்.

கால்மணி கழித்து லாகில் முதல் வரி:
அனுமதி மறுப்பு.
நான் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட்தான்.
சம்பளத்துக்குள் இருந்துகொண்டு
நகைக்கடன் கோப்பைத்
தினமும் தொட்டிருக்கிறது.

நான் ரூட், என்றேன்.
யாராயிருந்தாலும் லேபிள் எங்கே, என்றது.

விரல் பூஜ்யத்தின் மேல் கொஞ்சம் நின்றது.
கீழே புரோட்டாக் கடை ஷட்டர் இறங்கியது.
ஸ்கிரிப்டைத் திருத்த உட்கார்ந்தேன்.
லாகில் இன்னும் பதினேழு வரி.