எந்த மாதம் வரலாம் என்று கேட்டவனுக்கு

யாகுட்ஸ்க் வர எந்த மாதம் தோதானது
என்று கேட்டிருக்கிறாய், கெஸ்கில்,
ஏதோ ஹோட்டல்காரியிடம் கேட்பதுபோல.
சரி. ஹோட்டல்காரியாகவே சொல்கிறேன்.

ஜனவரியில் வருகிறவர்கள் படமெடுக்க வருகிறார்கள்.
இமை மயிரில் பனி கோத்துக்கொண்டு
வெப்பமானியின் அடியில் நின்று இளிக்கிறார்கள்.
எதிர்வீடு இன்னும் இருக்கிறது என்பது
அந்த மூடுபனியில் வெறும் நம்பிக்கை.
சந்தையில் மீன்கள் வாளிக்குள் விறகாய் விறைத்து நிற்கும்.
மூக்குக்கண்ணாடி மட்டும் ஜாக்கிரதை:
போன வருஷம் ஒரு பிரெஞ்சுக்காரர்
உலோகச் சட்டத்தோடு கன்னத்துத் தோலையும் சேர்த்தே கழற்றினார்.

இதெல்லாம் உனக்குத் தெரியும்.
தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.
பதினோரு வருஷம் கிராஸ்னதாரில்
திராட்சைப் பந்தலின் கீழ் உட்கார்ந்தவனிடம்
எது தங்கியிருக்கும், எது உதிர்ந்திருக்கும்,
நான் எப்படிச் சொல்ல?

ஏப்ரல் வேண்டாம். வருஷம் பூராவும் தொலைந்த கையுறைகள்
ஒவ்வொன்றாய்ச் சகதியிலிருந்து கைநீட்டும்.

மே மாதம் ஆறு உடையும்.
பாளமும் பாளமும் உரசுகிற ராத்திரிகளில்
மாத்ரியோனாவின் நாய்
கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
பார்க்க வேண்டியதுதான், ஆனால் தேதி கேட்காதே.
ஆற்றை அளந்தே சம்பளம் வாங்குகிற நானே
மூன்று வருஷமாய்ப் பந்தயத்தில் தோற்கிறேன்.

ஜூனில் இருட்டாது.
புல்வெளியில் கைகோத்துச் சுற்றுவார்கள்;
யாரும் அழைக்க மாட்டார்கள்,
நீ அருகில் போய் நின்றால்
வட்டம் ஒரு ஆள் அளவுக்கு அகலும்.
அவ்வளவுதான் வரவேற்பு.

ஜூலையில் கொசு. அப்புறம் காட்டுத்தீப் புகை,
சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம்,
தேய்ந்த செப்புக்காசு.

செப்டம்பர்தான் எல்லோரும் சொல்வது.
கொசு செத்திருக்கும். லார்ச் மரங்கள்
ஒரே வாரத்தில் மஞ்சளாகி முடித்துவிடும்.
வாளி நிறைய லிங்கன்பெரி பறிக்கலாம்.
நல்ல ஹோட்டல்காரி
இந்த இடத்தில் கடிதத்தை முடித்துவிடுவாள்.

நீ அக்டோபரில் வா.

யாரும் சொல்லாத மாதம். பார்க்க ஒன்றும் கிடையாது.
வானம் ஊறப்போட்ட அடிப்பிடித்த பாத்திரம்.
விமானம் உனக்கு ஆகாது,
ரயில் எதிர்க்கரையோடு நின்றுவிடும்,
நடுவில் லேனா.
பாலம் வரும் என்கிறார்கள், வரட்டும்.
நீ கடைசிப் படகில் ஏறு,
பனிக்கூழ் அடித்தட்டைச் சுரண்டுவது
உன் பல்லில் கேட்கும்.

அதற்குப் பிறகு ஆறு
தண்ணீரும் இல்லை, தரையும் இல்லை.
காற்றுமெத்தைப் படகுகள் சீறிக்கொண்டு போய்வரும்;
உன்னை எனக்குத் தெரியும், அதில் நீ ஏற மாட்டாய்.
ஐஸ்பாதை திறக்கிறவரை இந்தக் கரைதான்,
இந்த இரண்டு அறைதான், நான்தான்.

முதல் வாரம் சண்டை போடலாம்.
அம்மா போனபோது தந்தி மாதிரி நாலு வார்த்தை அனுப்பினாயே,
அதிலிருந்து தொடங்கலாம்.
தையல் மிஷின் யாருக்கு என்று பேசலாம்,
பேசாமல் சீட்டும் ஆடலாம்.
மூன்றாம் வாரம் நீயே போய்
எனக்கும் சேர்த்து ரொட்டி வாங்கி வருவாய்,
எந்தக் கடை என்று கேட்காமல்.

பாதை எப்போது திறக்கும் என்றா?
ஐஸில் துளை போடுவது அய்டால்.
அளவுகோலை இறக்கி எண்ணை வாசிப்பது நான்.
பதினெட்டு வருஷத்தில்
ஒரு சென்டிமீட்டர் பொய் எழுதியதில்லை.
இந்த வருஷம்
முப்பது என் கண்ணுக்கு இருபத்தெட்டாய்த் தெரியக்கூடும்.
கண்ணுக்கும் வயசாகிறது, பார்.

டிக்கெட் ஒருவழி போதும்.
கண்ணாடிக்கு மட்டும்
பிளாஸ்டிக் சட்டம் போட்டுக்கொண்டு வா.