சாதா மூடி

ஸ்போகேன் மருத்துவமனையில் பில் போடுபவள் நான்.
அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை.
பிள்ளைகளின் முகம் தெரியாது,
அவர்கள் பேரில் விழுந்த வரிகள் தெரியும்.

ஹெலிகாப்டர், நாற்பத்தோரு நிமிடம்.
தீவிர சிகிச்சை, மூன்று இரவு.
ரத்தப் பரிசோதனை பதினேழு தடவை.
கரிக்கரைசல், ஒரு குவளை.
ஒட்டிய பஞ்சுக்கும் விலை உண்டு.

ஆர்லோ திபடோ. வயது இரண்டு.
விழுங்கியது:
அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை, ஆறு,
மிட்டாய் நீலம்.

தவணை கேட்டு அப்பாவே வந்தார்.
மர ஆலையில் மூன்று விரல்களை விட்டுவிட்டு வந்த கை.
"எத்தனை வருஷம் கட்டணும்?"
"பதினொன்று."
"அப்போ அவனுக்குப் பதிமூணு" என்றவர்
சட்டென்று சிரித்துவிட்டார்,
பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

போகும்முன் சட்டைப்பையிலிருந்து
ஒரு வெள்ளை மூடியை எடுத்து மேசையில் வைத்தார்.
"அமுக்கித் திருகுறது இந்தக் கைக்கு வராது.
மருந்துக் கடையில நானே கேட்டு
சாதா மூடி வாங்கினேன்.
கையெழுத்துகூடப் போட்டேன்."

பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
மூடிக்கு வரி இல்லை.

அன்றிரவு என் குளியலறை அலமாரியில்
பல் பிடுங்கியபோது தந்த வலி மாத்திரை.
புட்டியின் மேல் இருபது என்றிருந்தது.
உள்ளங்கையில் கொட்டி எண்ணினேன்: ஒன்பது.
நான் விழுங்கியது நான்கு.
நான்குதான்.

மகளுக்குப் பதினைந்து வயது.
கதவடியில் இன்னும் வெளிச்சம்.
மாத்திரைகளை மூடாத கையோடு
மற்றக் கையால் தட்டினேன்.