அரை அடி

சீட்டு எடுத்தேன்.
தள்ளு போகக் கைக்கு வந்தது பதினோராயிரம்.
இதற்குள் வீட்டைத் திருத்திவிடலாம் என்றேன்.
அந்துவான் சிரிக்கவில்லை.
டெம்போ ஓட்டி வந்த களைப்பில்
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.
ஆணி சட்டையோடு கீழே வந்தது,
பின்னாலேயே ஒரு பிடிச் சுவரும்.

தேங்காய்த்திட்டில் சுவர்கள் அப்படித்தான்.
கழிமுகத்து உப்பு அடியிலிருந்து ஏறும்,
இடுப்புயரம் வரை வெள்ளையாய்ப் பூக்கும்.
எந்தப் பெயிண்ட் அடித்தாலும்
ஐப்பசிக்குள் அப்பளமாய் எழும்பும்.
ஆகவே பெயிண்ட் இல்லை. சுரண்டினோம்.
தோசைக் கரண்டியால், உடைந்த ஆக்சா பிளேடால்,
மூன்று ஞாயிறு.
பிறகு சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை நீலம்.
நானூற்று அறுபது ரூபாய்.
முடித்தபோது என் மூக்குத்தி வரை வெள்ளை.

நெல்லித்தோப்பில் இடித்த வீட்டுச் சாமான் கடைக்கு
நான் தாழ்ப்பாள் வாங்கத்தான் போனேன்.
அங்கே சாய்ந்து நின்றது அது.
வைசியாள் வீதி வீடொன்றின் ஜன்னலாம்.
சரிந்த பலகைச் சிறகுகள்,
பச்சை என்றும் சொல்ல முடியாத
நீலம் என்றும் சொல்ல முடியாத நிறம்.
இரண்டாயிரத்து முந்நூறு.
முழம் போட்டுப் பார்த்தேன், சரியாய் இருந்தது.
ஆசைப்படும்போது முழம் நீண்டுவிடுகிறது.

கொத்தனார் பலராமன் டேப்பை இழுத்தார்,
விட்டார், மறுபடி இழுத்தார்.
"அரை அடி கூட இருக்குதுக்கா.
சுவரை வெட்டி லிண்டல் போட்டா எட்டாயிரம் ஆகும்.
ஆனா இந்தச் சுவரை வெட்டினா
அப்புறம் ஜன்னல்தான் வீட்டைத் தாங்கணும்."

ஆறு நாள்
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நின்றது ஜன்னல்.
அந்துவான் பக்கவாட்டில் நடந்து அதைத் தாண்டினார்,
ஒரு வார்த்தை பேசவில்லை.
திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

ஏழாம் நாள் விடிகாலையில்
கொல்லையில் கடப்பாரைச் சத்தம்.
இரண்டு குழி, இரண்டு சவுக்குக் கழி,
நடுவில் ஜன்னல். சுவர் கிடையாது.
இந்தப் பக்கம் எங்கள் துணிக்கொடி,
அந்தப் பக்கம் ரமீஜாவின் கோழிக்கூண்டு.
"திறந்து பாரு" என்றார்.
திறந்தேன்.
ரமீஜா பல் துலக்கிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு எதுவும் நிற்கவில்லை.
ஜன்னலடியில் பாகல் விதை,
பக்கத்தில் இருபது ரூபாய் எலுமிச்சங்கன்று.
பாத்திக்கு வரம்பாய்
பீர் பாட்டில்கள், தலைகீழாய், நூற்றுப் பன்னிரண்டு.
இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?
காயலான் கடையில் ஒன்று ஒரு ரூபாய்.
தன் ஸ்டாண்டு ஆட்கள் காலி செய்ததும் இதில் இருக்கும் என்று
ஒவ்வொன்றையும் விசாரித்து விசாரித்து நட்டார் அந்துவான்.
உப்பு மண்ணில் என்ன வரும் என்றவர்கள்
எட்டிப் பார்த்துவிட்டுப்
பேசாமல் போனார்கள்.

பத்தாம் தேதி வாடகைக்கு வந்தார் தேசிங்கு.
செருப்போடு கொல்லை வரை போனார்.
ஜன்னலைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
"வீடு லட்சணமா ஆயிடுச்சே" என்றார்.
"அடுத்த மாசத்திலேருந்து
எழுநூறு சேர்த்துக் குடுங்க."

அன்றிரவு நோட்டில் செலவுப் பக்கம் எழுதினேன்:
லட்சணம், எழுநூறு.
பிறகு அவர் டார்ச் பிடிக்க
சவுக்குக் கழியை ஆட்டிப் பார்த்தேன்.
ஜன்னல் எங்களோடு வந்துவிடும்.
பாட்டில்கள் வந்துவிடும்.
சுண்ணாம்பு வராது.
மூன்று ஞாயிறு வராது.
எலுமிச்சையை இப்போதே வாளிக்கு மாற்றிவிடலாம் என்று
விரலால் மண்ணைத் தோண்டினேன்.
வேர் கீழே இறங்கியிருக்கவில்லை.
ஜன்னலுக்கு அடியில் புகுந்து
ரமீஜா பக்கம் போயிருந்தது,
அரை அடி.

மண்ணைத் தள்ளி மூடினேன்.
அவர் டார்ச்சை அணைத்தார்.
"பாகக்கா இப்ப கிலோ அறுபதாம்" என்றார்
இருட்டில்.