டிராம் இருக்கைக்கு ஒரு துணி

மூன்றாம் ஆண்டு, இரண்டாம் பருவம்.
கொடுத்த வேலை ஒரே வரி:
டிராம் இருக்கைக்கு
அழுக்குத் தெரியாத துணி.

நான் இங்கே சேர்ந்தது
சுவரில் தொங்கி
நடப்பவரை நிற்கவைக்கும் துணி நெய்ய.
நேர்முகத்தில் அப்படித்தான் சொன்னேன்,
ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.
இப்போது
யாரும் பாராமல் உட்கார ஒன்று கேட்கிறார்கள்.

ஊச் நகரத்துப் பிப்ரவரி.
பதினொன்றாம் எண் டிராமில்
இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்தேன்
கறைகளைக் குறித்தபடி:
கடுகுக் குழம்பு, பேனா மை,
உப்பில் கரைந்த பனிச்சேறு,
ஒரு குழந்தை நக்கி ஒட்டிவிட்டுப் போன ஏதோ.
எதிரில் இருந்தவர் கேட்டார்
டிக்கெட் பரிசோதகரா என்று.
ஆமாம் என்றிருந்தால்
அடுத்த நிறுத்தத்தில் குதித்திருப்பார்.

சாயப் பட்டறையில் நாற்பத்திரண்டு சாம்பல்.
ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுக் காப்பி.
சுத்தமான சாம்பல் எல்லாவற்றையும்
காட்டிக்கொடுத்தது.
நாற்பத்திரண்டையும் வாளியில் போட்டுவிட்டு
குறிப்பேட்டைத் திரும்ப எடுத்தேன்.
கறையை நானே முதலில் நெய்துவிட்டால்
வருகிற கறை எங்கே போய் உட்காரும்?

கடுகு மஞ்சளில் ஓர் ஊடு,
சேற்றுப் பழுப்பில் ஒன்று,
மை நீலம், கொஞ்சமாக.
நடுவே ஒரு வளைவு,
ஏழிழை மிதந்து திரும்பும் வளைவு.
அது எந்தக் கறையும் இல்லை.
எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

தேய்ப்பு இயந்திரம் இரவெல்லாம் சுற்றியது.
இலக்கு நாற்பதாயிரம்.
தாங்காது என்று யகோதா
ஒரு தட்டு பியெரோகி பந்தயம் கட்டினாள்.
முப்பத்தோராயிரத்தில்
ஒரு பாவிழை அறுந்தது,
சரியாக அந்த வளைவில்.

மிதவை நீளம் என்றார் திருமதி விட்கோவ்ஸ்கா
உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
ஏழை மூன்றாக்கினேன்.
வளைவு படிக்கட்டாயிற்று.
நாற்பதாயிரம் தாண்டியும்
துணி அப்படியே இருந்தது.
பந்தயப் பியெரோகியை வாங்கித் தந்துவிட்டு
பாதிக்குமேல் நானே தின்றேன்.

மதிப்பீட்டு நாளில் துணியை விரித்தேன்.
மூன்று பேராசிரியர்கள் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள்.
"எதுவும் தெரியவில்லையே" என்றார் ஒருவர்.
பாராட்டா என்று கேட்க வாய் வரவில்லை.
அவரும் சொல்லவில்லை.
நாலரை மதிப்பெண்.
வெளியில் வந்து
காலணிச் சேற்றை அதிலேயே துடைத்துப் பார்த்தேன்.
தெரியவில்லைதான்.

அந்த ஒரு மீட்டர் துணி
இப்போது பட்டறை மேசைமேல் கிடக்கிறது.
யாரும் அதைப் பார்ப்பதில்லை.
நேற்று இறுதிக் கோப்பு முடிக்கும் அவசரத்தில்
யகோதா அதில் முகம் புதைத்துத் தூங்கிப்போனாள்.
விடியற்காலை எழுப்பினேன்.
இடது கன்னத்தில்
சிவந்த படிக்கட்டு,
மூன்று மூன்று இழையாய், தலைகீழாய்.
நான் சொல்லவில்லை.

டிராமில் எதிர் இருக்கைச் சிறுமி
அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
பிறகு கையுறையைக் கழற்றி
தன் கன்னத்தைத்
தடவிப் பார்த்துக்கொண்டாள்.