எல்லை நீட்டிப்பு

ஒன்பது வருஷம் பணவண்டிக் காவல்.
ஜூஜூவாடி வந்ததும் இறங்கிக்கொள்வேன்,
என் லைசென்ஸுக்கு அதற்கப்பால் நாடு கிடையாது.
வண்டி பெங்களூர் போய்த் திரும்பும்வரை
டீக்கடை பெஞ்சில்
நானும் இரட்டைக்குழலும்.

இப்போது கம்பெனிக்கு
கர்நாடகாவும் சேர்த்து வேண்டுமாம்.
பயிற்சிச் சான்றிதழ் இல்லையென்று
சேலம் கலெக்டர் ஆபீஸில்
மனுவைத் தொடக்கூட இல்லை.

கன்னங்குறிச்சி தாண்டி, மலையடிவாரத்து ரேஞ்ச்.
சொல்லித்தருகிறவள் ஷகிலா பானு,
என் மகளைவிட இரண்டு வயது சின்னவள்.
"குண்டு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்,
துப்பாக்கிக்குத் தெரியுமாண்ணே?"
விசையிலிருந்து விரலை எடுக்கச் சொன்னாள்
ஏழு தடவை.
எட்டாவது தடவை சொல்லவில்லை, பார்த்தாள்.

பிறகு மடக்கித் திறந்து
குழலை ஏற்காட்டுப் பக்கம் தூக்கி
ஒற்றைக் கண்ணை வைத்தாள்.
வலதில் மலை தெரிந்தது.
இடதில் தெரியவில்லை.

குளவிக்கூடு.
கம்பி விட்டுக் குத்தியதும் செம்மண்
பொலபொலவென்று என் மனுவின் நகல்மேல் கொட்டியது.
சுட்டிருந்தால், என்று ஆரம்பித்தவள்
என் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இதுவரை சுட்ட ரவுண்டு எத்தனை?
படிவத்தில் அதற்கொரு கட்டம்.
சைபர் போடச் சொன்னேன்.

வண்டியின் குலுக்கலில், தொப்பூர் இறக்கத்தில்,
அந்த இடது விசைமேல்தான்
விரல் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.